சூரியனின் காந்தக் கொந்தளிப்பு காஸ்மிக் கதிர்களை என்ன செய்கிறது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். சென்ற காணொளியில் காஸ்மிக் கதிர்கள் பற்றிப் பேசும்போது, சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் பூமிக்கு வரும் காஸ்மிக் கதிர்கள் குறைந்துவிடும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். நேயர் ஒருவர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கேள்வி இது: "சூரியனே துகள்களை வாரி இறைக்கிறது. அது எப்படி வெளியிலிருந்து வரும் துகள்களைக் குறைக்கும்? விண்வெளியில் சூரியனின் காந்தப்புலம் மிகவும் பலவீனமானது என்றும் நீங்களே சொல்கிறீர்கள். ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வரும் துகளை அது எப்படித் தடுக்கும்? கொந்தளிப்பு, கொந்தளிப்பு என்கிறார்களே, அதற்கு இதில் என்ன வேலை? இதனால் நமக்கு ஏதாவது பாதிப்பு உண்டா?"

நல்ல கேள்வி. கடைசிப் பகுதியைக் கடைசியில் பார்ப்போம். முதலில் அந்தத் துகள்கள்.

காஸ்மிக் கதிர் என்று பெயர் இருந்தாலும் அவை பெரும்பாலும் அணுக்கருக்கள். பத்தில் ஒன்பது பங்கு புரோட்டான், மீதியில் பெரும்பகுதி ஹீலியம், இரும்பு வரையிலான கனமான கருக்கள் சுமார் ஒரு சதவீதம். 1912-இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஏறிப் போய், உயரம் கூடக் கூடக் கதிர்வீச்சும் கூடுகிறது என்று கண்டுபிடித்தார். அதிலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது. நம் கேள்விக்கு வேண்டியவை நம் விண்மீன் மண்டலத்தில் எங்கோ, பெரும்பாலும் வெடித்த விண்மீன்களின் எச்சங்களில், வேகம் பெற்று நாலாபுறமும் அலைந்துகொண்டிருக்கும் துகள்கள். சூரியன் தன் வெடிப்புகளின்போது வீசும் துகள்கள் தனி இனம். அவற்றின் ஆற்றல் பொதுவாகக் குறைவு, சில மணி நேரமோ சில நாட்களோ வந்து நின்றுவிடும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் "சூரியனே இறைக்கிறதே" என்ற சந்தேகம் வருகிறது. சூரியன் இரண்டு வேலையும் செய்கிறது. அவ்வப்போது தன் துகள்களை வீசுகிறது. எப்போதும், நிற்காமல், வெளியாரின் வரவைக் குறைத்துக்கொண்டும் இருக்கிறது.

சரி, எதை வைத்துக் குறைக்கிறது? சூரியக் காற்றை வைத்து. சூரியனின் வெளி வளிமண்டலம் ஓரிடத்தில் நிற்க முடியாமல் வெளிநோக்கி வழிந்தோடியே ஆக வேண்டும் என்று 1958-இல் யூஜீன் பார்க்கர் எழுதினார். அப்போது பலர் நம்பவில்லை. 1962-இல் வெள்ளிக்குப் போன மேரினர் 2 வழிநெடுக அந்தக் காற்றை அளந்து காட்டிய பிறகு வாதம் முடிந்துபோனது. நொடிக்கு 400 கிலோமீட்டர் சாதாரண வேகம், சில இடங்களில் 700, 800 கூட உண்டு. மின்னூட்டம் கொண்ட இந்தக் காற்று சூரியனின் காந்தப்புலத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. சூரியன் சுழல்வதால் அந்தப் புலக்கோடுகள் நேராகப் போகாமல் சுருளாக வளைகின்றன. பூமி இருக்கும் இடத்தில் அந்தச் சுருள் சூரியத் திசைக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்ந்திருக்கும். வெளியே போகப் போகச் சாய்வு கூடி, சனிக் கோளின் தொலைவில் கிட்டத்தட்ட குறுக்காகவே கிடக்கும்.

அந்தப் புலம் எவ்வளவு வலுவானது? பூமிக்கு அருகே சுமார் 5 நானோடெஸ்லா. நாம் நிற்கும் தரையில் பூமியின் சொந்தக் காந்தப்புலம் இதைப்போல ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு. ஆக நேயர் சொன்னது சரிதான், பலவீனமான புலம்தான். ஆனால் இடம் நிறைய இருக்கிறது. ஒரு ஜிகா எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு, ஆயிரம் மெகா சேர்ந்தால் ஒரு ஜிகா) ஆற்றலுள்ள ஒரு புரோட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளியின் வேகத்தில் சுமார் 87 சதவீதத்தில் பறக்கும். 5 நானோடெஸ்லா புலத்தில் அது போடும் வட்டத்தின் ஆரம் கணக்குப் போட்டால் சுமார் 11 லட்சம் கிலோமீட்டர் வரும். பூமிக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்கு. கேட்கும்போது பிரம்மாண்டமாகத் தெரிகிறது. ஆனால் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே 15 கோடி கிலோமீட்டர் இருக்கிறது, சூரியக் காற்றின் ஆட்சி அதைப்போல 120 மடங்கு தொலைவு வரை போகிறது. அந்த அளவோடு பார்த்தால் 11 லட்சம் கிலோமீட்டர் ஒன்றுமே இல்லை. அந்தப் புரோட்டான் புலக்கோட்டைச் சுற்றிச் சுற்றியே நகரும் ஒரு கைதி.

இங்கேதான் பலரும் தவறான படத்தை மனதில் வைத்துக்கொள்கிறார்கள். "சூரியனின் காந்தக் கவசம்" என்று எழுதுகிறார்கள். நானும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருப்பேன், சுலபமான சொல். ஆனால் கவசம் என்றதும் ஒரு சுவர் நினைவுக்கு வரும், துகள் வந்து அதில் மோதித் திரும்பும் என்று தோன்றும். நடப்பது அப்படி இல்லை. காந்தப்புலக் கோடுகள் துளிக்கூடக் கசங்காமல் வழுவழுப்பாக இருந்திருந்தால், சுருளைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும் துகளை வழியில் மறிக்க அனேகமாக எதுவும் இருக்காது. காந்தப்புலம் தடுப்பதற்குப் பதிலாக வழிகாட்டிவிடும். உள்ளே வரவிடாமல் இழுத்தடிப்பது அந்தப் புலத்தின் கரடுமுரடு. அதைத்தான் கொந்தளிப்பு என்கிறோம்.

சூரியக் காற்றில் காந்தமானியை வைத்து அளந்தால், புலத்தின் திசை ஒரு நிமிடம் கூட நிலையாக நிற்பதில்லை என்று தெரியும். சராசரி 45 பாகை என்று சொன்னேனே, அது நாள்கணக்கில் எடுத்த சராசரி. எந்த ஒரு கணத்திலும் புலம் அங்கும் இங்கும் ஆடிக்கொண்டே இருக்கும். சூரியனின் மேற்பரப்பில் வாயு கொதித்துப் புரள்வதால் புலக்கோடுகளின் அடி ஆடுகிறது. அந்த ஆட்டம் கோட்டின் வழியே அலையாக ஓடிவருகிறது. இவற்றுக்கு ஆல்ஃப்வென் அலைகள் என்று பெயர். ஹான்னெஸ் ஆல்ஃப்வென் 1942-இல் இப்படி ஒரு அலை இருக்க முடியும் என்று கணித்தார், 1970-இல் நோபல் பரிசு பெற்றார். பெரிய அலைகள் ஒன்றோடொன்று மோதி உடைந்து சிறிய ஆட்டங்களாகின்றன, அவை இன்னும் சிறியவையாகின்றன. லட்சக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள ஆட்டத்திலிருந்து நூறு கிலோமீட்டர் அளவு வரை இந்தச் சங்கிலி இறங்குகிறது, கடைசியில் அந்த ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. எந்த அளவில் எவ்வளவு ஆற்றல் இருக்கும் என்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. சாதாரணத் திரவங்களின் கொந்தளிப்புக்காக 1941-இல் கோல்மகோரவ் கண்டுபிடித்த விதி, கோளிடைவெளியின் காந்தப்புலத்துக்கும் பெருமளவு பொருந்துகிறது. எனக்கு இது எப்போதும் வியப்புதான். குழாயில் ஓடும் நீருக்கும் இதற்கும் எந்த உறவும் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

இப்போது நம் புரோட்டான் இந்தக் கரடுமுரடான கோட்டின் வழியே வருகிறது. எல்லா மேடுபள்ளமும் அதைப் பாதிக்காது. ஆட்டம் அதன் வட்டத்தைவிட மிகப் பெரிதாக இருந்தால், புரோட்டான் அந்த வளைவோடு வளைந்து போய்விடும், அதற்கு அது ஒரு வளைந்த சாலை மட்டுமே. ஆட்டம் மிகச் சிறிதாக இருந்தால், ஒரு சுற்றுக்குள் ஆயிரம் சின்னத் தள்ளல்கள் இப்படியும் அப்படியும் பட்டு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆட்டத்தின் நீளமும் துகள் ஒரு சுற்றில் முன்னேறும் தூரமும் ஒத்துப்போனால் கதை வேறு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பக்கமாகத் தள்ளல் விழும். சிறிய தள்ளல்தான், ஆனால் சேர்ந்துகொண்டே போகும். கோட்டின் வழியே உள்ளே வந்துகொண்டிருந்த துகளின் சாய்வு மாறி, மாறி, ஒரு கட்டத்தில் அது அப்படியே திரும்பி வெளியே போகத் தொடங்கிவிடும்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காந்தப்புலம் துகளின் திசையை மாற்றும், தானாக வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. அதனால் இது பிரேக் போடும் வேலை இல்லை. போக்கைக் குலைக்கும் வேலை. பூமிக்கு அருகே, கோட்டின் வழியாக, இந்த மாதிரித் துகள் தன் திசையை அடியோடு மறப்பதற்குமுன் போகும் சராசரித் தூரம், சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவில் சுமார் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை என்பது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு. கோட்டுக்குக் குறுக்கே நகர்வது இன்னும் மிகக் கடினம். வெளி எல்லையிலிருந்து நேராக வந்தால் அந்தப் புரோட்டானுக்கு ஒரு நாள் கூட ஆகாது, சுமார் 19 மணி நேரம். ஆனால் இப்படி முன்னே பத்து அடி, பின்னே ஒன்பது அடி என்று தள்ளாடி வருவதால் மாதக்கணக்கில் ஆகிறது.

அது தள்ளாடிக்கொண்டிருக்கும்போது தரை சும்மா நிற்பதில்லை. திருப்பிவிடும் அந்த மேடுபள்ளங்கள் எல்லாமே சூரியக் காற்றோடு சேர்ந்து நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. 400 கிலோமீட்டர் என்பது அந்தப் புரோட்டானின் வேகத்துக்கு முன்னால் தூசி. நேராகப் பறக்கும் துகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் தள்ளாடும் துகளின் நிகர முன்னேற்றம் மிக மெதுவானது, அதோடு ஒப்பிட்டால் 400 பெரிய எண். கொந்தளிப்பு துகளை மெதுவாக்கித் தருகிறது, காற்று அதை வெளியே வாரிக்கொண்டு போகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். நேயரின் "பலவீனமான புலம் எப்படித் தடுக்கும்" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

இதில் ஆற்றல் இழப்பும் உண்டு. காந்தப்புலம் வேகத்தைக் குறைக்காது என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்று கேட்பீர்கள். ஓரிடத்தில் நிற்கும் புலம் குறைக்காது. இங்கே திருப்பிவிடும் மேடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே இருக்கின்றன, காற்று விரிகிறது. விலகிப் போகும் ஒன்றில் பட்டுத் திரும்பும் துகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றலை இழக்கும். விரியும் வாயு குளிர்வதும் இதே காரணத்தால்தான். பூமிக்கு வந்து சேரும் புரோட்டான், அமைதியான ஆண்டுகளில் சராசரியாகச் சில நூறு மெகா எலக்ட்ரான்வோல்ட்டை வழியில் இழந்திருக்கும். சூரியன் உச்சத்தில் இருக்கும்போது அந்த இழப்பு ஆயிரத்தை நெருங்கும். அதனால்தான் குறைந்த ஆற்றலோடு கிளம்பிய துகள்களை நாம் பூமியருகே பார்ப்பதே அரிது. 20, 30 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேலே போனால் இந்தப் பாதிப்பு வேகமாகத் தேய்ந்துவிடும். அவற்றின் வட்டம் அவ்வளவு பெரிது, ஒத்துப்போகும் அளவிலான ஆட்டம் அவ்வளவாகக் கிடைக்காது.

இந்த நான்கையும், அதாவது தள்ளாட்டம், காற்று வாரிச் செல்வது, ஆற்றல் இழப்பு, இனிமேல் சொல்லப்போகும் விலகல், ஒரே சமன்பாட்டில் பார்க்கர் 1965-இல் எழுதி வைத்தார். இன்றும் இந்தத் துறையில் எல்லோரும் அதைத்தான் தீர்க்கிறார்கள். சமன்பாட்டைத் தீர்ப்பது பெரிய தலைவலி இல்லை, அதில் போட வேண்டிய எண்கள்தான் தலைவலி. கொந்தளிப்பு எந்த இடத்தில் எவ்வளவு, எந்தத் திசையில் எவ்வளவு என்பது தெரிந்தால்தானே துகள் எவ்வளவு தள்ளாடும் என்று சொல்ல முடியும்?

"இதெல்லாம் கணக்கு. கரடுமுரடுதான் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டால், எனக்குப் பிடித்த ஆதாரம் யூலிசிஸ் விண்கலம். மற்ற விண்கலங்கள் எல்லாம் கோள்கள் சுற்றும் தளத்திலேயே இருக்கும்போது, 1990-இல் கிளம்பிய யூலிசிஸ் 1992-இல் வியாழனின் ஈர்ப்பைப் பயன்படுத்தித் தளத்தைவிட்டு எழும்பி, 1994-இல் சூரியனின் தென் துருவத்துக்கு மேலும் 1995-இல் வட துருவத்துக்கு மேலும் பறந்தது. அங்கே என்ன எதிர்பார்த்தார்கள்? துருவத்துக்கு மேலே சூரியனின் சுழற்சி புலக்கோட்டை அதிகம் சுருட்டாது. கோடு ஏறக்குறைய நேராக வெளியே போகும். அப்படியானால் அது காஸ்மிக் கதிர்களுக்கு நேர்வழிச் சாலை, அங்கே எண்ணிக்கை மிக அதிகமாக இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். போய்ப் பார்த்தால், நடுக்கோட்டுப் பகுதியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஏமாற்றம். காரணம் கலத்தின் காந்தமானியிலேயே இருந்தது. துருவத்துக்கு மேலே பெரிய பெரிய ஆல்ஃப்வென் அலைகள் புலத்தைக் குறுக்காக ஆட்டிக்கொண்டிருந்தன. வரைபடத்தில் நேராகத் தெரிந்த சாலை உண்மையில் குண்டும் குழியுமாக இருந்தது. ஜோகிப்பி, கோட்டா என்ற இரு ஆய்வாளர்கள் துருவங்களில் இப்படிப்பட்ட குறுக்கு ஆட்டங்கள் இருக்க வேண்டும் என்று 1989-இலேயே எழுதியிருந்தார்கள்.

இன்னொரு ஆதாரத்தை ஒவ்வொரு சூரிய வெடிப்பின்போதும் பார்க்கலாம். காந்தப் புயல் வரும்போது காஸ்மிக் கதிர்களின் எண்ணிக்கை சடாரென்று விழுவதை 1937-இல் ஸ்காட் ஃபோர்புஷ் கவனித்தார். அவர் பெயராலேயே அதற்கு ஃபோர்புஷ் இறக்கம் என்று பெயர். 2003 அக்டோபர் கடைசியில் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். 28-ஆம் தேதி சூரியனிலிருந்து கிளம்பிய பெரும் காந்த மேகம், வழக்கமாக நான்கு நாள் ஆகும் பயணத்தை ஒரு நாளுக்குள் முடித்துவிட்டு 29-ஆம் தேதி பூமியை வந்து மோதியது. துருவப் பகுதிகளிலுள்ள நியூட்ரான் மானிட்டர்களில் எண்ணிக்கை சுமார் 20 சதவீதம் சரிந்தது. விழுவதற்குச் சில மணி நேரம் போதும், பழைய நிலைக்கு ஏறி வரப் பல நாட்கள் ஆகும்.

இப்படிப்பட்ட இறக்கங்களின் வரைபடத்தை நுணுகிப் பார்த்தால் பல சமயம் இரண்டு படிகள் தெரியும். வேகமாக வரும் மேகம் தனக்கு முன்னால் இருக்கும் சாதாரணக் காற்றை நெருக்கிக் கலக்கிவிடுகிறது. அந்தக் கலங்கிய பகுதி பூமியைக் கடக்கும்போது முதல் படி. அங்கே நடப்பது நாம் இவ்வளவு நேரம் பேசிய அதே தள்ளாட்டம், பல மடங்கு தீவிரமாக. அப்புறம் மேகம் வருகிறது. அதன் உள்ளே புலம் முறுக்கிய கயிறாக, வலுவாக, பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அங்கேயும் எண்ணிக்கை குறைவுதான், இரண்டாவது படி. ஆனால் காரணம் வேறு: அந்தக் கோடுகளின் முனைகள் சூரியனிலேயே இருக்கின்றன, வெளியிலிருந்து வரும் துகளுக்கு வழி கிடையாது, கோட்டைக் குறுக்கே கடந்துதான் உள்ளே போக வேண்டும். ஆக, வழுவழுப்பான புலம் ஒருபோதும் தடுக்காது என்றும் சொல்லிவிட முடியாது. அதன் வாசல் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நியூட்ரான் மானிட்டர் என்று சொன்னேன். காஸ்மிக் கதிர் வளிமண்டலத்தில் மோதிச் சிதறும்போது பிறக்கும் நியூட்ரான்களை, ஈயம் சூழ்ந்த குழாய்களை வைத்துத் தரையிலேயே எண்ணும் கருவி அது. ஜான் சிம்ப்சன் 1948-இல் உருவாக்கியது. ஃபின்லாந்தின் ஊலு நகரத்தில் உள்ளது 1964 முதல் எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்த வரைபடத்தையும், சூரியனின் சுறுசுறுப்பைக் காட்டும் கரும்புள்ளிகளான சூரியப் புள்ளிகளின் வரைபடத்தையும் மேலும் கீழுமாக வைத்துப் பாருங்கள், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். அடிக்கும் உச்சிக்கும் இடையே 15 முதல் 20 சதவீத வித்தியாசம். குறைந்த ஆற்றலுள்ள துகள்களை விண்வெளியிலேயே எண்ணினால் வித்தியாசம் பல மடங்கு இருக்கும். சூரியப் புள்ளிகள் கூடும் காலத்தில் புலமும் வலுக்கிறது, ஆட்டங்களும் பெரிதாகின்றன, வெடிப்புகளின் மிச்சங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வெளியே பெரிய தடைகளாகின்றன. இன்னொன்றும் அந்த வரைபடத்தில் தெரியும்: காஸ்மிக் கதிர்கள் உடனே பதில் சொல்வதில்லை, சில மாதங்கள், சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சிகளில் சிலவற்றில் ஒரு வருடம் வரை தாமதமாகின்றன. நொடிக்கு 400 கிலோமீட்டர் போகும் காற்று வெளி எல்லையை நெருங்க ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். சூரியனில் இன்று நடந்த மாற்றம் அந்தப் பெரிய குமிழி முழுவதும் பரவ வேண்டாமா?

2008-09-இல் சூரியன் வழக்கத்துக்கு மாறாக அடங்கிக் கிடந்தது. புலம் பலவீனமாகி, ஆட்டங்களும் சிறுத்தன. 2009-இல் பூமியருகே காஸ்மிக் கதிர்களின் எண்ணிக்கை விண்வெளி யுகத்தில் அதுவரை பார்க்காத உயரத்துக்குப் போனது.

விலகல் என்று சொன்னதை விட்டுவிடக் கூடாது, சுருக்கமாகச் சொல்கிறேன். புலம் வளைந்தும் இடத்துக்கு இடம் வலு மாறியும் இருப்பதால், சுற்றிவரும் துகள் மெல்ல ஒரு பக்கமாக நழுவும். எந்தப் பக்கம் என்பது துகளின் மின்னூட்டத்தையும் புலத்தின் திசையையும் பொறுத்தது. சூரியனின் துருவங்கள் 11 ஆண்டுக்கு ஒருமுறை தலைகீழாகும். ஒரு சுழற்சியில் புரோட்டான்கள் துருவப் பக்கமிருந்து நழுவி உள்ளே வரும், அடுத்ததில் நடுக்கோட்டையொட்டிய அலைவடிவ மின்னோட்டத் தாளின் (வடபாதிப் புலமும் தென்பாதிப் புலமும் சந்திக்கும் எல்லை) வழியாக வரும். இதனால் நியூட்ரான் மானிட்டர் வரைபடத்தில் ஒரு உச்சி தட்டையாகவும் அடுத்த உச்சி கூராகவும் மாறி மாறி வருகின்றன. 1976 தட்டை, 1987 கூர், 1996 தட்டை, 2009 கூர். எலக்ட்ரான்களுக்கு இது நேர்மாறாக நடக்கும். 2011 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஏஎம்எஸ் கருவி எலக்ட்ரானையும், அதன் நேர்மின்னூட்ட இரட்டையான பாசிட்ரானையும் தனித்தனியாக எண்ணுகிறது. 2013-14-இல் துருவங்கள் மாறிய சமயத்தில் அந்த இரண்டின் போக்கும் பிரிந்ததை அது காட்டியது. கொந்தளிப்பு அதிகமாக இருக்கும் காலத்தில் இந்த நழுவல் அமுங்கிவிடும், ஒழுங்காகச் சுற்ற விட்டால்தானே நழுவ முடியும்.

சூரியக் காற்றின் எல்லைக்கு வெளியே என்ன நிலவரம் என்று பார்த்துச் சொல்ல இரண்டே இரண்டு கலங்கள்தான் உண்டு. வாயேஜர் 1, 2012 ஆகஸ்டில், சூரியனிலிருந்து பூமியின் தொலைவைப்போல சுமார் 121 மடங்கு தூரத்தில் எல்லையைக் கடந்தது. வாயேஜர் 2, 2018 நவம்பரில், சுமார் 119 மடங்கு தூரத்தில். கடந்தபோது காந்தப்புலத்தின் திசை பெரிதாக மாறவில்லை, அது எல்லோரையும் குழப்பியது. ஆனால் துகள் எண்ணும் கருவி தெளிவாகச் சொன்னது: உள்ளே பிறந்த துகள்கள் கிட்டத்தட்ட மறைந்துபோயின, வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் எகிறின. பூமியருகே நாம் அனேகமாகப் பார்க்கவே முடியாத குறைந்த ஆற்றல் கருக்களை அவை அங்கே தாராளமாக எண்ணின. எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதை ஊகிக்காமல் கழித்துப் பார்த்தே சொல்ல அப்போதுதான் முடிந்தது.

இன்னொரு முனையில் பார்க்கர் சோலார் புரோப் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் கிளம்பியது. தன் பெயர் சூட்டிய கலம் கிளம்புவதை 91 வயதில் பார்க்கர் நேரில் பார்த்தார். 2024 டிசம்பர் 24-ஆம் தேதி சூரியனின் மேற்பரப்பிலிருந்து சுமார் 61 லட்சம் கிலோமீட்டர் வரை போய்வந்தது. அங்கே புலக்கோடுகள் சில நொடிகளுக்கோ நிமிடங்களுக்கோ அப்படியே மடங்கிப் பின்னோக்கித் திரும்பி, மறுபடி நேராவதை அது கூட்டம் கூட்டமாகக் கண்டது. பூமியருகே வந்து சேரும் கரடுமுரடு எங்கே, எப்படிப் பிறக்கிறது என்ற விவாதத்தில் இந்த மடிப்புகளுக்கு இப்போது பெரிய இடம் இருக்கிறது.

சரி, கடைசிக் கேள்வி: நமக்குப் பாதிப்பு உண்டா? தரையில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. தலைக்கு மேலே இருக்கும் காற்றின் எடை பத்து மீட்டர் தண்ணீருக்குச் சமம், சூரியன் விட்டதையும் அது பார்த்துக்கொள்ளும். துருவங்களுக்கு அருகே உயரப் பறக்கும் விமானப் பணியாளர்களுக்கு இது கணக்கில் வைத்துக்கொள்ளும் அளவு. உண்மையான சிக்கல் பூமியின் காந்தப்புலத்தைவிட்டு வெளியே போகிறவர்களுக்கு. 2011-12-இல் செவ்வாய்க்குப் போன கியூரியாசிட்டி வண்டியில் ஒரு கதிர்வீச்சு அளவியும் போனது. வழியில் நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவெர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) பதிவானது. பூமியில் இயற்கையாக ஒரு வருடம் முழுக்க நாம் வாங்கும் அளவில் பெரும்பகுதி ஒரே நாளில்.

அப்படியானால் சூரியன் அமைதியாக இருக்கும்போது கிளம்புவதா, கொந்தளிக்கும்போது கிளம்புவதா? அமைதியான காலத்தில் வெடிப்பு ஆபத்து குறைவு, ஆனால் காஸ்மிக் கதிர்கள் உச்சத்தில் இருக்கும். சூரியன் வீசும் துகள்களைக் கலத்தில் ஒரு தடித்த சுவருள்ள மூலையை ஏற்படுத்தி, எச்சரிக்கை வந்ததும் அதற்குள் போய் உட்கார்ந்து பெரும்பாலும் சமாளிக்கலாம். காஸ்மிக் கதிர்களுக்கு அந்தச் சுவர் போதாது. கனமான கருக்கள் சுவரில் மோதி இன்னும் பல துகள்களைக் கிளப்பிவிடும், அவை மாதக்கணக்கில் நிற்காமல் வந்துகொண்டும் இருக்கும். அதனால் நீண்ட பயணத்துக்குச் சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளே தேவலை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு, எச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாடு நம்பகமாக இருந்தால்.